சேர்வராயன் மலையின் கேள்வியை அவையில் எழுப்பவைப்பது எப்படி? எழுத்துமூலக் கேள்விக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. அமைச்சர்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய அந்த ஒரு மணி நேரம் இல்லாமலே மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்தது. எழுத்துமூலக் கேள்விகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றித் தொழிலாளர் நல அமைச்சகத்திடம் மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றும், ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்றும் பதில் வந்தது. சில நாட்கள் கழித்து, மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம் வேறொரு கேள்வி போனது: புலம்பெயர் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப ஊரடங்கில் விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர்? செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று எழுத்தில் பதில் வந்தது.

ஒரே துயரம், ஒரே கூட்டத்தொடர், ஒரே அரசு. ஓர் அமைச்சகத்திடம் கேட்டபோது ஒன்றும் இல்லை; இன்னொன்றிடம் கேட்டபோது எண் கிடைத்தது. ரயிலில் நடக்கும் ஒவ்வொரு மரணத்துக்கும் ரயில்வே பதிவேடு வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் குறிவைத்துக் கேட்டார்கள், அதனால் தப்பிக்க முடியவில்லை. எழுத்துமூலக் கேள்வியின் சூட்சுமம் முழுவதும் இதில் இருக்கிறது: எந்த அலுவலகம் எந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

இந்த வழிகாட்டி சேலம் மாவட்டத்திலும், அதன் சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டுக் கிராமங்களிலும் இருக்கும் விவசாயிகள் சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்கள், பழங்குடி அமைப்புகள், தனி மனிதர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. கேள்வியை அவையில் வைப்பவர் நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோதான். ஆனால் அந்தக் கேள்விக்கான உழைப்பில் பெரும்பகுதியை ஊரில் இருப்பவர்களே செய்ய முடியும். செய்தால் கேள்வி கூர்மையாகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அது தேவையானதுதான். ஆனால் மனுவுக்குப் பதில் சொல்பவர் ஓர் அலுவலர். அவையில் வைக்கப்படும் கேள்விக்கு அமைச்சரே பதில் சொல்கிறார். அந்தப் பதில் அவையின் ஆவணமாகிவிடுகிறது. பொய்யான தகவல் தந்தால் அவைக்கே பதில் சொல்ல வேண்டி வரும். இந்த வேறுபாட்டை நம் ஊர் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு வகைக் கேள்விகள்

நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிப்பார். உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்குப் பதில் எழுத்தில் வரும். துணைக் கேள்விக்கு இடமில்லை. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துமூலக் கேள்விகளும் பட்டியலில் வருகின்றன. மாநிலங்களவையில் அவை முறையே 15, 160. எத்தனை பேர் கேள்வி கொடுத்தாலும் பட்டியலில் முன்னுரிமை குலுக்கலில் தீர்மானிக்கப்படுகிறது. மக்களவையில் ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகள் வரைதான் பட்டியலில் இடம்பெறலாம்; அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே நட்சத்திரக் குறி கிடைக்கும்.

தொலைக்காட்சியில் வருவது நட்சத்திரக் கேள்விதான். உறுப்பினர்களுக்கும் அதன்மீதுதான் ஆசை. ஆனால் மலைக் கிராமத்தின் சாலையோ செல்போன் கோபுரமோ காபி மானியமோ 20 கேள்விகளுக்குள் இடம்பிடிப்பது அரிது. 230க்குள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். மேலும், அட்டவணையோடு கூடிய ஆண்டுவாரியான கணக்கை அமைச்சர் வாயால் வாசிக்க மாட்டார்; எழுத்தில் இணைப்பாகத் தருவார். நமக்கு வேண்டியது அந்த இணைப்பு.

இந்த உரிமையோடு சேலத்துக்குப் பழைய உறவு உண்டு. 1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம்தான் உறுப்பினர்களுக்கு அரசைக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. கிடைத்த பதிலின் மேல் துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909 சீர்திருத்தத்தில்தான் வந்தது. இடைப்பட்ட அந்தக் காலத்தில், 1895 முதல் 1901 வரை, சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். இன்றைய எழுத்துமூலக் கேள்வியும் துணைக் கேள்வி இல்லாத அதே நிலையில்தான் இருக்கிறது. ஆகவே அமைச்சகம் எப்படியெல்லாம் நழுவும் என்பதை முன்கூட்டியே யோசித்து, முதல் கேள்வியிலேயே அதற்கு இடம் தராமல் எழுத வேண்டும்.

தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் இந்த இரண்டு வகைகளும் உண்டு. எழுதும் நுட்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் உறுப்பினர் யார் என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இது எளிதாகத் தோன்றும். ஆனால் சேலம் மாவட்டத்தில் பலர் தவறான கதவைத் தட்டுவது இந்த இடத்தில்தான். மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவை நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி ஆகிய ஆறும் சேலம் மக்களவைத் தொகுதியில் அடங்கும். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சித் தொகுதியைச் சேர்ந்தவை. மேட்டூர் தர்மபுரியிலும், சங்ககிரி நாமக்கல்லிலும் இருக்கின்றன.

ஆகவே நாகலூரிலோ வாழவந்தியிலோ மாரமங்கலத்திலோ வசிப்பவரின் மக்களவை உறுப்பினர், மலையடிவாரத்தில் சேலம் நகரில் அலுவலகம் வைத்திருப்பவர் அல்ல, கள்ளக்குறிச்சி உறுப்பினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. அந்த உறுப்பினரின் கேள்விக்குத் தனி எடை உண்டு. பழங்குடி மக்களின் நிலம், சான்றிதழ், உண்டு உறைவிடப் பள்ளி ஆகியவை பற்றி அவையில் கேட்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

உங்கள் உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி கேட்பதில்லை. பதில் சொல்லும் பக்கம் இருப்பார். அப்போதும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாநிலம் முழுவதுமே தொகுதி. அதேபோல் எந்த மக்களவை உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். காபி பற்றி நீலகிரி உறுப்பினர் கேட்கும் கேள்வியில் சேர்வராயன் மலையையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லலாம். கட்சி பார்த்து ஒதுங்க வேண்டாம். எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டால்தான் பதில் வரும் என்றோ ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டால்தான் வேலை நடக்கும் என்றோ விதி எதுவும் இல்லை.

இரண்டாம் படி: எந்த அரசு, எந்த அமைச்சகம்

தவறான அவையில் கேட்டால் கேள்வி அனுமதிக்கப்படாது, அல்லது இது மாநில அரசின் பொருள் என்ற ஒற்றை வரி வரும். நம் பகுதியின் சில விஷயங்களை வைத்தே பார்க்கலாம்.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் மலைப்பாதையும், மழைக்காலத்தில் அதில் விழும் மண்சரிவும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அது சட்டப்பேரவைக் கேள்வி. தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய அமைச்சகம். 2007 நவம்பரில் உருவான சேலம் ரயில்வே கோட்டத்தின் எல்லா விஷயங்களும் ரயில்வே அமைச்சகத்துக்கு. காபி வாரியம் வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிறது, வேளாண் அமைச்சகத்தின் கீழ் அல்ல. காபி விவசாயிகளே பல நேரம் இதை மாற்றிக்கொள்கிறார்கள்.

சில பொருள்கள் இரண்டாகப் பிளந்திருக்கும். சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்தில் விமானச் சேவை, சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உதான் திட்டம் ஆகியவை மத்திய அமைச்சகத்துக்கு. விரிவாக்கத்துக்கான நிலம் எடுப்பது மாநிலத்துக்கு. சேலம் உருக்காலையில் உற்பத்தி, ஆள்பலம், பராமரிப்புச் செலவு பற்றிக் கேட்க வேண்டுமானால் உருக்கு அமைச்சகம். பங்கு விற்பனை பற்றிய கொள்கை என்றால் நிதி அமைச்சகம். வன உரிமைச் சட்டம் 2006இல் நாடாளுமன்றம் இயற்றியது, அதற்குப் பொறுப்பு பழங்குடியினர் நல அமைச்சகம்; ஆனால் மனுக்களைப் பரிசீலிப்பவை கிராம சபையும் கோட்ட அளவிலான குழுவும் மாவட்டக் குழுவும். மத்தியில் மாநிலவாரிக் கணக்கு இருக்கும். ஏற்காடு வட்டக் கணக்கு வேண்டுமானால் சட்டப்பேரவையில் கேட்க வேண்டும்.

பொருள் பிளந்திருந்தால் ஒரே கேள்வியில் இரண்டையும் அடைக்காதீர்கள். இரண்டு கேள்விகளாக்கி, நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒன்றும் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒன்றும் கொடுங்கள். இரண்டு பதில்களும் வந்தபின் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு கணக்கு இன்னொன்றோடு பொருந்தாத இடம் தெரியும். அடுத்த கேள்வி அங்கேதான் பிறக்கும்.

மூன்றாம் படி: முன்பே என்ன பதில் வந்திருக்கிறது

இரு அவைகளின் பழைய பதில்களும் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் உள்ளன. அமைச்சகத்தின் பெயரும் பொருளும் கொடுத்துத் தேடலாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை உதவினால் ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஏற்கனவே பதில் தரப்பட்ட கேள்வியை அப்படியே மறுபடி கேட்டால் அனுமதி கிடைக்காது. அதே சமயம் பழைய பதில்தான் புதிய கேள்விக்கு மிகச் சிறந்த அடித்தளம். ‘இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள கேள்விக்கு அளித்த பதிலில் பணி நடைபெறுவதாகக் கூறப்பட்டதே, அதன் தற்போதைய நிலை என்ன’ என்று கேட்டால் அமைச்சகம் தன் பழைய எழுத்தோடு தானே மோத வேண்டியிருக்கும்.

மாநில அளவில், மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைகள் தங்கள் செலவுக்கான நிதியைப் பேரவையில் கேட்கும்போது, ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தவறாமல் படியுங்கள். தமிழிலேயே கிடைக்கிறது. கடந்த ஆண்டின் குறிப்பையும் இந்த ஆண்டின் குறிப்பையும் சேர்த்துப் படித்தால், அறிவிக்கப்பட்டுக் காணாமல் போன திட்டங்கள் கண்ணில் படும்.

நான்காம் படி: ஆதாரம்

உறுப்பினர் நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு ஒரு சிறு கட்டு தயாரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போட்டால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உள்ளூர் அலுவலகத்தின் கணக்கு கையில் இருந்தால் அமைச்சகத்தின் கணக்கை அதோடு ஒப்பிடலாம். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் வலுவானது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தொடருக்கு முன்னால் வரும் சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள். தேதி போட்ட புகைப்படம், செய்தித்தாள் நறுக்கு, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் நகல் ஆகியவை போதும். மூன்று பக்கத்துக்கு மேல் கட்டு வேண்டாம்; யாரும் படிக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: கேள்வியை எழுதுதல்

இங்கே நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாப் படிகளும் சேர்ந்து தரும் பலனைவிட இந்த ஒன்றின் பலன் அதிகம்.

மக்களவை விதி 41 எது கேள்வியாகாது என்று சொல்கிறது. கேள்வி சாதாரணமாக 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அவதூறு கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து கேட்கக் கூடாது. ஒருவரின் அலுவல் சாராத நடத்தையைப் பற்றிக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் முன் இருக்கும் பொருளைக் கேட்கக் கூடாது. எளிதில் கிடைக்கும் வெளியீட்டில் உள்ள தகவலைக் கேட்கக் கூடாது. ஆகவே கோபம் முழுவதையும் வீட்டில் வைத்துவிட்டு, கோபத்துக்குக் காரணமான எண்ணை மட்டும் கேட்க வேண்டும்.

சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை நினைவிருக்கும். 2018இல் நிலம் எடுக்கத் தொடங்கியது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி வழக்கு நடக்கும் காலத்தில் ‘நில எடுப்பு சரியா’ என்று கேட்டால் அனுமதி கிடைக்காது. ‘இதுவரை ஆய்வுக்கும் அறிக்கைக்கும் செலவான தொகை எவ்வளவு’ என்பது கணக்கு பற்றிய கேள்வி. அதற்கு வாய்ப்பு இருக்கிறது.

ஏற்காட்டுக் காபி விவசாயிகள் மனதில் இருப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘சேர்வராயன் மலைச் சிறு காபி விவசாயிகளை அரசு புறக்கணிப்பது ஏன்? அவர்களுக்கு உரிய மானியம் வழங்க அரசு முன்வருமா?’ உண்மையான வேதனை. ஆனால் கேள்வியாக இது தோற்றுவிடும். புறக்கணிப்பு என்பது குற்றச்சாட்டு. ‘முன்வருமா’ என்பதற்கு, காபி வாரியம் நாடெங்கும் பல்வேறு திட்டங்களைச் செயல்படுத்தி வருகிறது என்று ஒரு பத்தி எழுதி முடித்துவிடலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

வணிகம் மற்றும் தொழில் அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் காபி வாரியத்தில் பதிவுபெற்ற, 10 ஹெக்டேர் வரை நிலமுள்ள சிறு விவசாயிகள் எத்தனை பேர்; அவர்களில் பழங்குடியினர் எத்தனை பேர்;
(ஆ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் அவர்களிடமிருந்து மறுநடவுக்கும் நீர் வசதிக்கும் பெறப்பட்ட, ஏற்கப்பட்ட, நிராகரிக்கப்பட்ட, நிலுவையில் உள்ள மானிய விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக;
(இ) நிலுவையில் உள்ளவற்றில் மிகப் பழைய விண்ணப்பத்தின் தேதியும் தாமதத்துக்கான காரணமும்;
(ஈ) ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்பு விதிக்காகத் தோட்டத்தின் இருப்பிடப் பதிவு முடித்த விவசாயிகள் இம்மலையில் எத்தனை பேர், முடிக்காதவர்கள் எத்தனை பேர்;
(உ) மேற்கண்ட (ஈ)இல் தரவு பராமரிக்கப்படவில்லையெனில், அதைத் திரட்டும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது?

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு உட்பிரிவும் பதிவேட்டில் இருக்க வேண்டிய ஒன்றையே கேட்கிறது. ‘விவரம் என்ன’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. ஆண்டு, பிரிவு, இடம் மூன்றையும் கட்டிப் போட்டிருக்கிறது. நிராகரிப்பையும் நிலுவையையும் தனித்தனியாகக் கேட்டதால், ஏற்கப்பட்ட எண்ணை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மிகப் பழைய விண்ணப்பத்தின் தேதியைக் கேட்பது எனக்குப் பிடித்த உத்தி: சராசரித் தாமதம் என்று எதையாவது சொல்லலாம், ஒரு தேதியை அப்படிப் பூசி மெழுக முடியாது. கடைசி உட்பிரிவு, ‘தரவு இல்லை’ என்ற பதிலையே பயனுள்ளதாக்குகிறது. துணைக் கேள்வி கேட்க முடியாத குறையை இந்த ஒற்றை வரி ஓரளவு ஈடுகட்டும்.

சட்டப்பேரவைக்கும் இதே முறைதான். ‘மாரமங்கலம் சாலையைச் சீரமைக்க அரசு முன்வருமா’ என்ற வடிவம் பேரவையில் பழகிப்போன ஒன்று. அதற்கு ‘அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை’ அல்லது ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலும் பழகிப்போன ஒன்று. முன்வருமா என்று கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் அதைக் கடைசி உட்பிரிவாக வையுங்கள். அதற்கு முன், அந்தச் சாலை கடைசியாக எந்த ஆண்டு, எவ்வளவு தொகையில், எத்தனை கிலோமீட்டர் சீரமைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

தமிழில் எழுதுங்கள், நாடாளுமன்றத்துக்கானதை ஆங்கிலத்தில் பெயர்த்து இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். 150 சொல் வரம்பு பெயர்ப்பிலும் காக்கப்பட வேண்டும்.

ஆறாம் படி: உறுப்பினரிடம் கொடுத்தல்

நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர்தான் கேள்விகளைப் பதிவேற்றுவார். அவரைப் பார்த்துப் பேசுங்கள். உறுப்பினரைத் திருமண வீட்டில் பிடித்துச் சொல்வதைவிட அது பலன் தரும். ஒரு பக்க முகப்புக் கடிதம், கேள்வி, ஆதாரக் கட்டு ஆகிய மூன்றும் போதும். கடிதத்தில் எந்த அமைச்சகம், எத்தனை குடும்பங்களுக்குப் பாதிப்பு, முன்பு என்ன பதில் வந்தது என்பதை நான்கு வரியில் சொல்லுங்கள். ஒரே கேள்வியை இரண்டு மூன்று உறுப்பினர்களிடம் கொடுப்பதில் தவறில்லை. குலுக்கல் என்பதால் வாய்ப்பு கூடும். ஆனால் யாரிடமெல்லாம் கொடுத்தீர்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பணமோ பரிசோ சலுகையோ இதில் துளியும் கலக்கக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. உங்கள் கோரிக்கையில் ஒரு வணிக நிறுவனத்தின் லாபம் கலந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு தொகுதியின் கேள்விக்கு மதிப்பே அது யாருடைய கைப்பொம்மையும் அல்ல என்பதுதான்.

ஏழாம் படி: காலம்

நாடாளுமன்றத்துக்கு ஆண்டில் மூன்று கூட்டத்தொடர்கள்: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. மூன்று வாரக் கூட்டத்தொடரில் வணிக அமைச்சகத்துக்கு மூன்று நாட்கள்தான் கிடைக்கும். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்படும் முன்பே கேள்வி தயாராக இருக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்திலும் அக்டோபர் இறுதியிலும் உங்கள் காகிதங்கள் உறுப்பினர் கையில் இருப்பது நல்லது.

சட்டப்பேரவை அதைவிடக் குறைந்த நாட்களே கூடுகிறது. கேள்வியோடு நிறுத்தாமல், மானியக் கோரிக்கை விவாதத்தில் அதே கணக்கைப் பேசும்படியும் துறை கேட்கும் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும்படியும் உறுப்பினரைக் கேளுங்கள்.

எட்டாம் படி: பதிலைப் படித்தல்

பதில் வந்ததும் முதலில் உட்பிரிவுகளைப் பாருங்கள். நீங்கள் (அ), (ஆ), (இ) என்று தனித்தனியாகக் கேட்டதற்கு ‘(அ) முதல் (உ) வரை’ என்று சேர்த்து ஒரே பத்தியாகப் பதில் வந்திருந்தால், அந்தப் பத்திக்குள் ஏதோ ஒன்று விடப்பட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு உட்பிரிவுக்கும் உரிய வரியைக் குறித்துப் பாருங்கள். குறி விழாத உட்பிரிவுதான் அடுத்த கேள்வி.

பிறகு எண்கள் எந்த அளவில் தரப்பட்டுள்ளன என்று பாருங்கள். சேர்வராயன் மலைக்குக் கேட்டதற்குத் தமிழ்நாடு முழுமைக்குமான எண் வந்தால், நீலகிரியும் பழனி மலையும் சேர்ந்த தொகையில் ஏற்காடு காணாமல் போயிருக்கும். ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும் வேறு வேறு; ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற சொல்லைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 4ஜி சேவை எட்டாத கிராமங்களுக்குக் கோபுரம் அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, பி.எஸ்.என்.எல். அதைச் செயல்படுத்துகிறது. இது போன்ற திட்டத்தில் அனுமதித்த கோபுரம், எழுப்பிய கோபுரம், சேவை தொடங்கிய கோபுரம் ஆகிய மூன்றும் மூன்று எண்கள். மலைக் கிராமத்தில் போன் ஒலிக்க வேண்டுமானால் மூன்றாவது எண்தான் வேண்டும்.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’, ‘இப்பொருள் பரிசீலனையில் உள்ளது’ போன்ற வரிகளைக் கண்டு சோர்ந்துபோகாதீர்கள். அவை நழுவல் போலத் தோன்றினாலும் அவற்றுக்கு நாடாளுமன்ற நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. அவற்றை அரசு அளித்த உறுதிமொழியாக அவை கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஒன்பதாம் படி: விடாமல் தொடர்தல்

மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. மாநிலங்களவையிலும் உண்டு. அமைச்சர் அளித்த உறுதிமொழி மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். குழு அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கும், அறிக்கை வைக்கும். தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அது மாவட்டங்களுக்கே வந்து ஆய்வு செய்கிறது. அந்தக் குழு சேலம் வரும் செய்தி கேட்டால், கேள்வி எண், தேதி, அமைச்சர் சொன்ன வரி, இன்றைய நிலை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். புதிதாகக் கோரிக்கை வைப்பவரைவிட, பழைய உறுதிமொழியை நினைவுபடுத்துபவரின் பேச்சு குழுவில் எடுபடும்.

பதில் தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், உறுப்பினர் மக்களவைத் தலைவரின் வழிகாட்டுதல் 115இன் கீழ் எழுதலாம்; அமைச்சர் விளக்கமோ திருத்தமோ தர வேண்டி வரும். எழுத்துமூலப் பதிலில் தெளிவு தேவைப்பட்டால் விதி 55இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். இவற்றுக்கு உங்களிடம் வலுவான காகிதம் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய உள்ளூர்க் கணக்கு இங்கே கை கொடுக்கும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டில் பழைய சாட்சி உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதைப் பற்றி 1957இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி விடாமல் துரத்தினார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே கட்சி.

நம் மலைக்கு அவ்வளவு பெரிய விளைவு தேவையில்லை. நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்கள் நகர்ந்தால் போதும். அதற்கு, பதில் வந்த வாரமே அதைத் தமிழாக்கி ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உள்ளூர் நிருபருக்கு ஒரு நகல் கொடுங்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு, அமைச்சர் அவையில் சொன்ன எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி ஒப்புகை வாங்குங்கள். அடுத்து வரும் கிராம சபையில் அமைச்சரின் பதிலை வாசித்து, எந்த வரி உண்மை, எந்த வரி உண்மையல்ல என்று தீர்மானமாகப் பதியுங்கள். கேள்வியை எழுப்பிய உறுப்பினருக்கு நன்றிக் கடிதமும் அந்தத் தீர்மானத்தின் நகலும் அனுப்புங்கள். கடிதத்தின் பின்பக்கத்தில், அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை (அ) முதல் (உ) வரை எழுதிவிடுங்கள்.